மொத்தம் 29 வந்தாலும் டிப்ளோமா கிடையாதாம்! இந்த ஐபி கணக்கு யாருக்காவது புரிகிறதா?

கணக்குமாமா எழுதியது:

வணக்கம். என் தங்கை மகள் ஐபி டிப்ளோமாவில் (இன்டர்நேஷனல் பாக்கலரியட், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு வருடப் படிப்பு) முதல் வருடம் படிக்கிறாள். நான் தணிக்கை வேலை பார்ப்பவன். அதனால் எண் போட்ட காகிதம் எது வந்தாலும் "அண்ணன்கிட்ட காட்டு" என்று என் மேசைக்கு வந்துவிடும். இந்த முறை வந்தது அவளுடைய ரிப்போர்ட் கார்டு.

ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை கிரேடு. அதில் உள்ளபடி: ஆழமாகப் படிக்கும் ஹையர் லெவலில் ஆங்கில இலக்கியம் 4, உயிரியல் 4, கணிதம் (அனாலிசிஸ்) 3. ஸ்டாண்டர்டு லெவலில் பொருளாதாரம் 6, பிரெஞ்சு 6, விஷுவல் ஆர்ட்ஸ் 5. கூட்டினால் 28. டோக் (அறிவுக் கோட்பாடு என்ற பாடம்), எக்ஸ்டெண்டட் எஸ்ஸே (நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை) இரண்டிலும் தலா ஒரு 'சி' வாங்கினால் இன்னும் ஒரு பாயிண்ட் வரும் என்றார்கள். ஆக 29. டிப்ளோமாவுக்கு வேண்டியது 24 என்று பள்ளிக் கையேட்டிலேயே இருக்கிறது. ஐந்து பாயிண்ட் கையிருப்பு என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போனேன். கோ-ஆர்டினேட்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதே நிலை இறுதி வரை போனால் டிப்ளோமா வராது" என்கிறார். ஏன் என்று கேட்பதற்குள் பின்னால் வரிசை நெருக்கியது. 29 எப்படி 24-ஐ விடக் குறைவாகும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளியின் பட்டமளிப்பு விழா மே கடைசியில். ஐபி ரிசல்ட்டோ ஜூலையில். ரிசல்ட் வராமலேயே எப்படிப் பட்டம் கொடுக்கிறார்கள்? பிள்ளையிடம் கேட்டால், "மாமா, அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓவியா அம்மா எழுதியது:

சார், பயப்படாதீர்கள். என் அக்கா பையன் 2013-இல் முடித்தான். அவனுக்கும் ஹையர் லெவல் மூன்றும் சேர்த்து 11தான். மொத்தம் 28-க்கு மேல் இருந்ததால் டிப்ளோமா கொடுத்துவிட்டார்கள். உங்கள் கோ-ஆர்டினேட்டர் பிள்ளையைப் படிக்க வைப்பதற்காக மிரட்டுகிறார் என்று நினைக்கிறேன்.


வாணி டீச்சர் எழுதியது:

ஓவியா அம்மா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. அப்போது இரண்டு தட்டு விதி இருந்தது. மொத்தம் 24 முதல் 27 வரை என்றால் ஹையர் லெவலில் 12 வேண்டும். 28-ம் அதற்கு மேலும் என்றால் 11 போதும். 2015 மே தேர்விலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே விதி: ஹையர் லெவல் மூன்று பாடமும் சேர்ந்து 12-க்குக் குறையக் கூடாது. மொத்தம் 29 ஆனாலும் 33 ஆனாலும் அதில் மாற்றமில்லை. உங்கள் கோ-ஆர்டினேட்டர் மிரட்டவில்லை சார், கணக்கைச் சொல்லியிருக்கிறார்.

நானும் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். பெற்றோர் எல்லோரும் உங்களைப் போலவே முதலில் மொத்தத்தைக் கூட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது ஹையர் லெவலின் மூன்று எண்களை. உங்கள் பெண்ணுக்கு 4, 4, 3. பதினொன்று. அங்கேயே நின்றுவிட்டது. அவளைவிடச் சுமாராக ஒரு பிள்ளை ஹையர் லெவலில் 4, 4, 4, ஸ்டாண்டர்டில் 4, 4, 3, டோக்கும் எஸ்ஸேயும் சேர்ந்து ஒரு பாயிண்ட் என்று வாங்கினால் மொத்தம் சரியாக 24. அந்தப் பிள்ளைக்கு டிப்ளோமா உண்டு. 29 வாங்கிய உங்கள் பெண்ணுக்கு இல்லை. கேட்க அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹையர் லெவல் பாடத்துக்கு 240 மணி நேரம், ஸ்டாண்டர்டுக்கு 150. ஆழமாகப் படித்ததாகச் சொல்லும் பாடத்தில் விட்ட குறையைப் பக்கத்துப் பாடத்தை வைத்து நிரப்ப விடமாட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மற்ற நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் அவளைத் தொடாதவை. ஸ்டாண்டர்டு மூன்றும் சேர்ந்து 9 வேண்டும், அவளுக்கு 17 இருக்கிறது. எந்தப் பாடத்திலும் 1 வரக் கூடாது. 2 என்ற கிரேடு இரண்டுக்கு மேல் கூடாது. 3-ம் அதற்குக் கீழுமாகச் சேர்த்து மூன்றுக்கு மேல் கூடாது. காஸ் (படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று பாடத்துக்கு வெளியே செய்யும் வேலைகள்) முடித்திருக்க வேண்டும். அதற்கு மார்க் கிடையாது, ஆனால் முடிக்காமல் டிப்ளோமாவும் கிடையாது. காப்பி, அடுத்தவர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுவது போன்ற ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டினாலும் அவ்வளவுதான்.

டோக், எக்ஸ்டெண்டட் எஸ்ஸே பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஏ முதல் ஈ வரை எழுத்துக் கிரேடு. இரண்டையும் ஓர் அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து 0 முதல் 3 வரை பாயிண்ட் கொடுப்பார்கள். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் 3. பி-யும் சி-யும் என்றால் 2. சி-யும் சி-யும் 1, சி-யும் டி-யும் பூஜ்யம். இந்த மூன்று பாயிண்டுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். நான் கவலைப்பட்டதெல்லாம் அட்டவணையின் கடைசிக் கட்டத்தைப் பற்றி. இரண்டில் எதிலாவது ஈ வந்தால் பாயிண்ட் போவது மட்டுமில்லை, டிப்ளோமாவே போய்விடும். எங்களிடம் ஒரு பையன், ஆறு பாடத்திலும் நல்ல கிரேடு. எஸ்ஸேயை மட்டும் கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் எழுதினான். 4,000 சொல் வரம்பை ஏறக்குறைய நிரப்பியிருந்தான். ஆனால் அதில் ஆராய்ச்சிக் கேள்வியே இல்லை, ஒரு விஷயத்தைப் பற்றிய அறிமுகம்தான் இருந்தது. கடைசியாக நடக்கும் வைவா என்ற நேர்காணலில், "இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்டபோது தன் கட்டுரையையே முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தான். ஈ. மற்றதெல்லாம் வீண்.

சரி, உங்கள் பெண் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டியது ஹையர் லெவலில் ஒரே ஒரு பாயிண்ட். எல்லோரும் உடனே கணக்குக்கு டியூஷன் போடுவார்கள். அந்த 3-ஐ 4 ஆக்கினால் முடிந்தது என்று தோன்றும். நான் அவளுடைய ஆங்கிலத்தைப் பிடிப்பேன்.

ஏன் என்றால், இந்த 4, 3 எல்லாம் இப்போதைக்குப் பள்ளி போட்ட எண். முதல் வருட ரிப்போர்ட் ஐபி-க்குப் போவதே இல்லை. இறுதி கிரேடு வருவது இரண்டு வழியாக: மே மாதம் எழுதும் பேப்பர்கள் ஒன்று, அதற்கு முன்பே முடித்து அனுப்பும் வேலைகள் இன்னொன்று. கணிதத்தில் இரண்டாவது வகை 20 சதவீதம்தான், எக்ஸ்ப்ளொரேஷன் என்று அவளே ஒரு தலைப்பு எடுத்து எழுதுவது. மீதி 80-ம் மூன்று பேப்பர். முதல் பேப்பரில் கால்குலேட்டரைத் தொடக் கூடாது. மூன்றாவதில் இரண்டே இரண்டு நீளக் கணக்கு, முதல் படியில் தடுக்கினால் கடைசி வரை தடுக்கும். உயிரியலிலும் ஐஏ (பள்ளி ஆசிரியரே முதலில் மார்க் போடும் இந்த மாதிரி வேலை) 20 சதவீதம், 3,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வு. ஆங்கில இலக்கியம் ஹையர் லெவலில் மட்டும் வாய்மொழிக்கு 20, ஹையர் லெவல் கட்டுரைக்கு 20. நூற்றுக்கு நாற்பது அவள் தேர்வு ஹாலுக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடும். அந்த நாற்பதும் நேரம் எடுத்துச் செய்யக்கூடியவை, திருத்தக்கூடியவை, ஒத்திகை பார்க்கக்கூடியவை.

வாய்மொழி என்றால் என்ன என்று பாருங்கள். இரண்டு நூல், ஒன்று அந்த மொழியிலேயே எழுதியது, மற்றது மொழிபெயர்ப்பு. இரண்டிலிருந்தும் நாற்பது வரிக்கு மிகாத ஒவ்வொரு பகுதி. இரண்டையும் இணைக்கும் ஓர் உலகளாவிய பிரச்சினை. பத்து நிமிடம் அவள் பேச வேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம் ஆசிரியர் கேள்வி. கையில் பத்துக் குறிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் தெரியுமா? "ஏற்றத்தாழ்வு" என்று ஒரு பெரிய சொல்லைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிடமும் கதைச் சுருக்கம் ஓடும். அதையே "வீட்டுக்குள் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதில் அதிகாரம் எப்படித் தெரிகிறது" என்று சுருக்கிக்கொண்ட பெண் ஒருத்தி, வரிக்கு வரி ஆசிரியரின் எழுத்தைப் பற்றிப் பேசினாள். ஆங்கிலம் அவளுக்குச் சுமார்தான். மார்க் நன்றாகவே வந்தது.

இந்த மார்க்கை முதலில் போடுவது பள்ளி ஆசிரியர். பிறகு ஐபி சில பேருடைய பதிவை மட்டும் மாதிரியாக வாங்கி வெளியாளைக் கேட்கச் சொல்லும். சிறிய வகுப்பு என்றால் ஐந்து பேருடையது. ஆசிரியர் தாராளமாகப் போட்டிருக்கிறார் என்று அந்த மாடரேட்டருக்குத் தோன்றினால், மாதிரியில் இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்து இறங்கும். ஆகவே பள்ளி சொல்லும் ஐஏ மார்க்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வு விடைத்தாள்களும் ஸ்கேன் ஆகித்தான் திருத்துபவர்களுக்குப் போகின்றன. நடுநடுவே ஏற்கெனவே மார்க் முடிவான தாள்களையும் சொல்லாமல் கலந்து அனுப்புவார்கள். அதில் தவறினால் அவர் திருத்துவதை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, எத்தனை மார்க்குக்கு எந்த கிரேடு என்பது ஒவ்வொரு தேர்வுக்கும் மாறும். 7 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு என்று நம்மூர்க் கணக்குப் போடாதீர்கள். இயற்பியல் ஹையர் லெவலில் 70-ஐ ஒட்டிய மார்க்கிலேயே 7 வந்த ஆண்டுகள் உண்டு.

பட்டமளிப்பு விழா பற்றி உங்கள் மருமகள் சொன்னதுதான் சரி. அது வேறு, இது வேறு. விழாவில் தருவது பள்ளியின் சொந்தச் சான்றிதழ். வருகைப்பதிவு, பாடங்களை முடித்தது என்று பள்ளி தானே வைத்துக்கொண்ட விதி. ஐபி டிப்ளோமா தருவது ஐபி, ஜூலை முதல் வாரத்து ரிசல்ட்டை வைத்து. தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு டிப்ளோமா வராமலும் போகலாம். அப்படி வராதவர்களுக்குப் பாடவாரியாக கிரேடு போட்ட கோர்ஸ் ரிசல்ட்ஸ் என்ற தாள் கிடைக்கும். அதை ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு.


மறுபடியும்_நவம்பர் எழுதியது:

மாமா சார், நீங்கள் போட்ட எண்களைப் பார்த்ததும் என் ரிசல்ட் ஞாபகம் வந்தது. எனக்கும் ஹையர் லெவல் 11தான், வேதியியல் 3. மொத்தம் 27. ரிசல்ட் பக்கத்தில் மொத்தம் தெரிகிறது, கீழே டிப்ளோமா வழங்கப்படவில்லை என்று இருக்கிறது. அம்மா அதை மூன்று தடவை வாசித்தார்.

டீச்சர் எழுதாத ஒரு பகுதியைச் சொல்கிறேன். டிப்ளோமா நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய மொத்தம் மூன்று தேர்வு வாய்ப்பு உண்டு. மேயில் எழுதியவர்கள் அந்த நவம்பரிலோ அடுத்த மேயிலோ விட்ட பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். நான் நவம்பரில் வேதியியல் மட்டும் எழுதினேன். ஐஏ-வைப் புதிதாகச் செய்யவில்லை, பழைய மார்க்கையே எடுத்துக்கொண்டார்கள். 4 வந்தது, டிப்ளோமாவும் வந்தது. பழைய கிரேடு, புதிய கிரேடு இரண்டில் எது உயர்ந்ததோ அதுதான் கணக்கு.

அதற்கு முன் மறுமதிப்பீடும் கேட்டுப் பார்த்தேன். எல்லைக்கு மிக அருகில் நின்றிருந்தேன். மாறவில்லை. கேட்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: மறுமதிப்பீட்டில் கிரேடு இறங்கவும் செய்யலாம். அதனால்தான் மாணவரின் சம்மதம் கேட்கிறார்கள்.

ஐஏ-வைப் பற்றி டீச்சர் சொன்னதற்கு என் பங்குக்கு ஒன்று. 2020 மே மாதத் தேர்வு உலகம் முழுக்க ரத்தானபோது, கிரேடு கணக்கிட்டதில் மாணவர்கள் முன்பே முடித்திருந்த இந்த வேலைகளுக்குப் பெரிய பங்கு. "தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஐஏ-வை ஏனோதானோவென்று எழுதியவர்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தேர்வே இல்லை.


கணக்குமாமா எழுதியது:

டீச்சர், தம்பி, இருவருக்கும் நன்றி. இப்போது புரிகிறது. எங்கள் தொழிலிலும் மொத்தம் பொருந்தினால் போதாது, ஒவ்வொரு தலைப்பும் தனியாகப் பொருந்த வேண்டும். இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நேற்று ராத்திரி மருமகளோடு உட்கார்ந்தேன். கணிதத்தை ஸ்டாண்டர்டுக்கு இறக்கி, பொருளாதாரத்தை ஹையர் லெவலுக்கு ஏற்றினால் 4, 4 உடன் 5-ஓ 6-ஓ சேர்ந்து 13, 14 வந்துவிடுமே என்றேன். "எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும், கணக்கை விட மாட்டேன்" என்கிறாள். விட வைக்கலாமா? எந்தத் தேதி வரை மாற்றலாம்? பல்கலைக்கழகங்கள் பார்க்கும் பிரெடிக்டட் கிரேடு (ஆசிரியர்கள் முன்கூட்டியே கணித்துத் தருவது) என்கிறார்களே, அதிலும் இந்த 11 தெரியுமா?


வாணி டீச்சர் எழுதியது:

தெரியும். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் விண்ணப்பம் போடும்போது பள்ளி தரும் பிரெடிக்டட் பாடவாரியாகவே போகும். பல பல்கலைக்கழகங்கள் தரும் இடமே நிபந்தனையோடுதான் வரும்: மொத்தம் இத்தனை, அதில் ஹையர் லெவலில் 6, 6, 5 என்று. அங்கேயும் அந்த மூன்று எண்தான். ஏப்ரலில் ஐபி-க்கு ஆசிரியர்கள் இன்னொரு பிரெடிக்டட் அனுப்புவார்கள், அது வேறு. அதை வைத்து இறுதி கிரேடு போடுவதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கணிதத்தை இறக்குவதற்கு முன் அவள் மனதில் வைத்திருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கணிதம் ஹையர் லெவல் கட்டாயம் என்று சொல்லும் இடங்கள் நிறைய. அவள் பட்டியலில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால் விட வைக்காதீர்கள். டிப்ளோமா வாங்கியும் போக விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் நிற்பதில் என்ன லாபம்? பட்டியலில் அந்த நிபந்தனை இல்லை என்றால் மாற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் முதல் வருடத்துக்குள். பொருளாதாரம் ஹையர் லெவலுக்கு 90 மணி நேரப் பாடம் அதிகம், மூன்றாவது பேப்பர் ஒன்றும் உண்டு. தள்ளிப்போட்டால் அந்த 90 மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவாள்? மே தேர்வுக்கு ஐபி-யிடம் பதிவு செய்யும் தேதி அதற்கு முந்தைய நவம்பர் 15. பெரும்பாலான பள்ளிகள் லெவல் மாற்றத்துக்கு அதைவிட வெகு முன்னதாகவே கதவை மூடிவிடும். உங்கள் பள்ளியின் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றவில்லை என்றால் ஒரு பாயிண்டை ஆங்கிலத்திலோ உயிரியலிலோ எடுக்க வேண்டும், கணிதம் 3-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டு. அது 2 ஆனால் இரண்டு பாயிண்ட் தேட வேண்டியிருக்கும். எஸ்ஸே விஷயத்தில், 2027 மே தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஐபி-யின் விதிக் கையேடு புதிது. மொத்த மார்க் 34-இலிருந்து 30 ஆகியிருக்கிறது, கடைசியில் எழுதும் சுயகுறிப்பு 500 சொல்லுக்குள் ஒரே ஒரு தடவைதான். அவள் அந்த வருடத்தவள் என்றால் பழைய மாணவர்கள் கொடுக்கும் மாதிரிகளைப் பார்த்து அளவுகோலை முடிவு செய்ய வேண்டாம்.

வாய்மொழிக்கு எந்த இரண்டு நூல் என்று முடிவு செய்துவிட்டாளா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.


கணக்குமாமா எழுதியது:

இப்போதுதான் கேட்டேன். ஒன்று முடிவாகிவிட்டதாம். மொழிபெயர்ப்பு நூல் இன்னும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பெயரோடு வருகிறேன் என்கிறாள். உலகளாவிய பிரச்சினை என்ன என்றால், "ஏற்றத்தாழ்வு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை டீச்சர், உங்கள் பதிலை அப்படியே அவள் போனுக்கு அனுப்பிவிட்டேன்.